காரின் தலைமேல் ரெட்டைச் சைக்கிள்

கண் தெரியாதவனுக்குக் காரில் முன் சீட்டு எதற்கு என்று என் மச்சான் ஒருமுறை கேட்டான். கேலியாகத்தான் கேட்டான். "உங்கக்கா ஓட்டற லட்சணத்தைக் காதால கேட்டு ரசிக்கத்தான்டா" என்று நானும் கேலியாகவே சொல்லி அவன் வாயை அடைத்தேன். உண்மையான பதில் வேறு. பின் சீட்டில் உட்கார்ந்து பயப்படுவதைவிட முன் சீட்டில் உட்கார்ந்து பயப்படுவது கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது.

என் பார்வை ஒரே நாளில் போகவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பைச் சத்தமில்லாமல் அரித்துக்கொண்டே வந்திருக்கிறது. நான் ஓசூரில் ஒரு கம்பெனியின் அசெம்பிளி லைனில் நட்டு முறுக்கிக்கொண்டிருந்தவன். பக்கவாட்டில் வருகிற டிராலி தெரியாமல் அடிக்கடி முட்டிக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் போனேன். அதற்குள் நிலைமை கைமீறிவிட்டது. இப்போது வெயிலும் நிழலும் பிரித்துத் தெரியும், அவ்வளவுதான். கம்பெனி என்னை வெளியே அனுப்பவில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கும் பிரிவில் உட்கார வைத்திருக்கிறது. என் மனைவி அதே கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறாள். நாங்கள் பழகியதே லைனில்தான். நான் முறுக்குவேன், அவள் கோடு போடுவாள்.

அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நட்டை முறுக்கி முடித்ததும், பெயிண்ட் மார்க்கரால் நட்டின் மேலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரே இழுப்பாக ஒரு மஞ்சள் கோடு இழுப்பார்கள். கோடு இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். பிறகு நட்டு அசைந்தால் கோடு இரண்டாக உடைந்து விலகிக் காட்டிக்கொடுக்கும். அடுத்த ஆள் நட்டைத் தொட்டுப் பார்க்க மாட்டான், கோட்டைத்தான் பார்ப்பான். ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கிற பாதிப் பேருக்கு இந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிடும். எங்கள் வீட்டு மின்விசிறியிலும், குழந்தை இல்லாத வீட்டில் எதற்கோ வாங்கிப் போட்ட ஊஞ்சல் கொக்கியிலும்கூட மஞ்சள் கோடு உண்டு. விருந்துக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பார்வை இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேன்கனிக்கோட்டைப் பக்கம் போய்விடுவேன். பார்வை போன பிறகு வீட்டுக்குள் நாற்காலியோடு நாற்காலியாக ஆனேன். யார் என்ன சொன்னாலும் எரிந்து விழுந்தேன். டி.வி. சத்தம் கூடினால் கத்தினேன், குறைந்தாலும் கத்தினேன். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்த என் மனைவி, பெங்களூரில் யாரோ விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு ரெட்டைச் சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்தாள். இரண்டு சீட்டு, இரண்டு ஜோடி பெடல், நீளமான ஒரே உடம்பு. முன்னால் உட்காருகிறவருக்கு ஹேண்டில், பிரேக், கண் எல்லாம். பின்னால் உட்காருகிறவனுக்குக் கால் மட்டும் போதும். எனக்கு மிச்சம் இருந்ததும் அதுதானே.

முன்னால் அவள், பின்னால் நான். முதல் நாள் காலனிக்குள் ஓட்டிப் பழகியபோது இரண்டு பேரும் முள்செடியில் விழுந்தோம். ஆனால் அந்த முதல் நாளில்தான் என் முகத்தில் காற்று பட்டது. அதற்கு முந்தைய ஒரு வருஷத்தில் ஃபேன் காற்றைத் தவிர வேறு காற்று என் முகத்தில் பட்டதாக ஞாபகம் இல்லை. இதை நான் அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் அழுவாள்.

ஓசூருக்குள் அதை ஓட்ட முடியாது. கம்பெனி பஸ், டிப்பர் லாரி, ஷிப்ட் முடிந்து வெட்டுக்கிளி மாதிரி கிளம்புகிற பைக்குகள். ஆகையால் ஆள் நடமாட்டம் குறைந்த ரோடு தேடி அதைக் காரில் கொண்டுபோக வேண்டியிருந்தது. அதில்தான் பிரச்சினை. கடையில் கிடைக்கிற சைக்கிள் கேரியர் எல்லாம் சாதாரணச் சைக்கிளுக்குச் செய்தது. காரின் பின்னால் தொங்கவிடுகிற கேரியரில் மாட்டினால் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும், பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் யார் முட்டியையாவது பெயர்த்துவிடும். கூரைமேல் வைக்கிற கேரியரின் கிளாம்ப் வட்டக் குழாயைக் கவ்வும். எங்கள் சைக்கிளின் நடுக் குழாயோ முட்டை வடிவம், கிளாம்பின் வாய்க்குள் நுழையாது. போட்டோவைப் பார்த்த கடைக்காரர், "சார், இதைத் தூக்கினு போறதுக்கு மினி லாரிதான் சரி" என்று சொல்லிச் சிரித்தார்.

கடைசியில் மூக்கண்டப்பள்ளியில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்தோம். கார்க் கூரையின் குறுக்குக் கம்பிகள்மேல் நீளமாக ஒரு தகரக் கால்வாய். முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சக்கரம் மாட்டியிருந்த ஃபோர்க்கைக் கால்வாயின் முனையில் பூட்ட வேண்டும். பின் சக்கரத்துக்கு ஒரு பட்டை. நடுவில் முட்டைக் குழாய்க்கென்றே இரண்டு பாதியாகச் செய்த கிளாம்ப், உள்ளே ரப்பர், நான்கு போல்ட், நான்கு நட்டு. தடவிப் பார்த்து எனக்குத் திருப்தியாக இருந்தது. ஆனாலும் முதல் தடவை அதை ஏற்றிக்கொண்டு ஹைவேயில் போனபோது கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தலைக்கு மேலே காற்று ஊளையிட்டது. சைக்கிள் கழன்று விழுந்தால் எங்களுக்கு ஒன்றும் ஆகாது. பின்னால் வருகிறவன்மேல்தான் விழும். ஹைவேயில் கார்களுக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் பைக். பைக்கில் நடுவில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும். அந்தக் குழந்தையை நான் பார்க்கக்கூட மாட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் இந்த நினைப்போடுதான் காரில் ஏறுவேன். ஏறாமல் இருந்தால் மறுபடி நாற்காலி. அதனால் ஏறினேன்.

அவளுக்கும் பயம் என்று எனக்குத் தெரியும். அவள் லைசென்ஸ் எடுத்ததே என் பார்வை போன பிறகுதான். ஸ்டியரிங்கை அவள் பிடிக்கிற பிடியில் அதன் மேலுறை நொறநொறவென்று சத்தம் போடும். பயத்தை மறைக்க அவள் எனக்கு ரோட்டைச் சொல்லிக்கொண்டே வருவாள். "மாங்கூழ் டேங்கர் போகுது. கிரானைட் லாரி, ஒரே ஒரு கல்லு, வீடாட்டம் இருக்கு. ரோஜாப் பண்ணை பிளாஸ்டிக் கிழிஞ்சு தொங்குது." நான் பதிலுக்குக் கிண்டல் செய்வேன். இப்படியே இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு போய்ச் சேருவோம்.

நான் சொல்ல வந்த ஞாயிறு, கிருஷ்ணகிரி அணைப் பக்கம் போயிருந்தோம். விடிந்த கையோடு சைக்கிளை இறக்கி நன்றாக ஓட்டினோம். "பள்ளம். நாய் ஒன்னு, நம்மளைக் கண்டுக்கல. மேடு வருதுங்க, மிதிங்க" என்று அவள் முன்னாலிருந்து சொல்லச் சொல்ல மிதித்தேன். வெயில் ஏறியதும் திரும்பிவந்து சைக்கிளைக் கார்மேல் ஏற்றினோம். அவள் ஸ்டூல்மேல் நின்று பிடித்துக்கொண்டாள், நான் தடவித் தடவி நட்டுகளை முறுக்கினேன். அப்போது ஆந்திராவின் குப்பம் ஊர்ப் பக்கத்திலிருந்து அணை பார்க்க வந்த ஒரு குடும்பம் எங்களைச் சூழ்ந்துகொண்டது. அந்தச் சைக்கிளைப் பார்த்தால் எல்லோரும் சூழ்ந்துகொள்வார்கள், எனக்குப் பழகிவிட்டது. தெலுங்கிலும் தமிழிலுமாக ஆயிரம் கேள்வி. குடும்பத் தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்க வந்தார். கை கொடுப்பதற்காக நான் ஸ்பேனரைப் பாக்கெட்டில் போட்டேன். மூன்று நட்டு முறுக்கியாகிவிட்டது. நான்காவதை விரலால் சுழற்றி ஏற்றி மட்டும் வைத்திருந்தேன்.

லைனில் ஒரு வழக்கம் உண்டு. முறுக்குகிறவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டால் முறுக்கி முடித்தாயிற்று. பிறகு யாரும் கேட்க மாட்டார்கள், நேராக மார்க்கர் வரும். என் மனைவி ஸ்டூலிலிருந்து இறங்கிப் போய்த் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தாள். ஸ்பேனர் பாக்கெட்டில் இருந்தது. நான்கு நட்டிலும் நான்கு மஞ்சள் கோடு இழுத்தாள். மார்க்கரின் கீச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. கோடு போட்டாயிற்று என்றால் நான் முறுக்கிவிட்டேன் என்றுதான் என் புத்திக்கும் பட்டது. அவள் என் ஸ்பேனரை நம்பினாள், நான் அவள் கோட்டை நம்பினேன். இதெல்லாம் பிற்பாடு கூட்டிக் கழித்துத் தெரிந்துகொண்டது. அப்போது எனக்கிருந்த ஒரே கவலை அந்தத் தெலுங்குக்காரரிடமிருந்து என் கையை விடுவித்துக்கொள்வதுதான்.

குருபரப்பள்ளியில் டீ குடிக்க நிறுத்தினோம். அவள் இறங்கி எக்கிப் பார்த்தாள்.

"கோடு நேரா இருக்கா?"

"நாலும் நேரா இருக்குங்க."

அது உண்மைதான். நட்டு அதுவரைக்கும் அசைந்திருக்கவில்லை.

மறுபடி ஹைவேயில் ஏறினோம். அவள் வழக்கம்போல ரோட்டைச் சொல்லிக்கொண்டு வந்தாள். சூளகிரிக்கு முன்னால் ஒரு டிப்பர் எங்களைக் கடந்து போன சமயத்தில் கூரைமேல் 'டங்' என்று ஒரு சத்தம். அவள் பேச்சை நிறுத்தினாள்.

"டிப்பர்லருந்து கல்லு" என்றேன். கண் போனவனுக்குக் காது கூர்மை என்று ஊரே சொல்லிச் சொல்லி எனக்கும் அந்தத் திமிர் வந்திருந்தது. "ஜல்லிக் கல்லு. வேற ஒன்னுமில்ல, நீ ஓட்டு."

கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஒரு பைக் ஹாரன் கேட்டது. வழி கேட்கிற ஹாரன் இல்லை. விடாமல், அழுகிற மாதிரி ஒரே இழுப்பு. நின்றது, மறுபடி ஆரம்பித்தது. என் மனைவி மாங்கூழ் டேங்கர், ரோஜாப் பண்ணை எதையும் சொல்லவில்லை. ஸ்டியரிங் உறை நொறநொறத்தது.

"யாரு?" என்றேன்.

"ஒன்னுமில்லங்க."

"ஒன்னுமில்லன்னா ஏன் பேச மாட்டேங்கற?"

"ரோடு காலியா இருக்கு. அதான் சொல்றதுக்கு ஒன்னுமில்ல."

ரோடு காலியாக இல்லை என்பது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு ரோட்டில் இருக்கிற ஒரே கண் அவளுடையது. அவள் சொல்லவில்லை என்றால் ஓடுகிற பெட்டிக்குள் கண்ணைக் கட்டி உட்கார வைத்த மாதிரிதான்.

"சொல்லுடி" என்று கத்திவிட்டேன். அவளை டி போட்டுப் பேசுவது எனக்கு வழக்கமில்லை.

"ரெண்டு பேரு வர்றாங்க. பைக்ல. ரெண்டு பேருக்கும் ஹெல்மெட்டு, மூஞ்சி தெரியல. நம்மளையே பாத்துகிட்டு வர்றாங்க. ஓட்டறவரு கையைக் காட்டறாரு. மேல காட்டறாரு, நிறுத்துன்னு காட்டறாரு. குருபரப்பள்ளில இருந்தாங்களான்னு தெரியல."

எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒரு தடவையாவது ஒரு குரல் பதிவு வரும். டயர் பஞ்சர் என்பார்கள், ஆயில் ஒழுகுகிறது என்பார்கள், கை காட்டி நிறுத்தி நகையைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள், யார் கை காட்டினாலும் நிறுத்தாதீர்கள் என்று யாரோ ஒருவர் பதறியபடி பேசுவார். அந்தப் பதிவுகளை இரண்டு பேரும் சேர்ந்துதான் கேட்டிருக்கிறோம். என் மனைவியின் கழுத்தில் தாலிச் செயின் இருந்தது. பக்கத்தில் கண் தெரியாத புருஷன் இருந்தான். திருடனாக நான் இருந்தால் இந்தக் காரைத்தான் நிறுத்துவேன்.

"கோடு நேரா இருந்துச்சில்ல?"

"இருந்துச்சுங்க. நானே பாத்தேன்."

"அப்ப மேல காட்டறதுக்கு ஒன்னுமே இல்ல. கதவு லாக் ஆயிருக்கா பாரு. நிக்காத. வேகமா போ."

அவள் வேகம் கூட்டினாள். கூரைமேல் காற்றின் சத்தம் மாறியது. ஊளையோடு ஒரு படபடப்பும் சேர்ந்துகொண்டது. வேகத்தினால் என்று நினைத்தேன். பாக்கெட்டிலிருந்த ஸ்பேனரை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன். அவர்கள் மறித்து நிறுத்திக் கதவைத் திறந்தால் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். கண் தெரியாமல் வீசினால் அது முதலில் என் மனைவிமேல்தான் படும். கையிலிருந்த ஸ்பேனர் வியர்வையில் வழுக்கியது. பயம் என்றால் வெறும் பயம். அதில் வீரம் கோபம் எதுவும் கலந்திருக்கவில்லை.

ஹாரன் விடவில்லை. சில சமயம் பக்கத்தில் வந்துவிட்டுப் பின்தங்கியது.

"இன்னும் வர்றாங்களா?"

"வர்றாங்க. ஏங்க, பின்னாடி உக்காந்திருந்தவரு திரும்பி உக்காந்துட்டாரு."

"திரும்பின்னா?"

"நமக்கு முதுகைக் காட்டிகிட்டு. பின்னாடி வர்ற வண்டிக்கெல்லாம் துண்டை வீசிக் காட்டறாரு. ஆண்டவரே."

பின்னால் இவர்கள் ஆட்கள் இன்னொரு வண்டியில் வருகிறார்கள், அவர்களுக்குத்தான் சைகை காட்டுகிறான் என்று நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. "ஓசூர்ல போய்த்தான் நிக்கணும், என்ன ஆனாலும் நிக்காத" என்று மட்டும் சொன்னேன். அவள் வாய்க்குள் ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள். நானும் சொல்ல முயன்றேன். ஜெபக் கூட்டத்தில் தப்பில்லாமல் சொல்லுகிற ஜெபம் அன்றைக்கு ஒரு வரிகூட வரவில்லை.

எங்கள் வலது பக்கத்தில் ஒரு கனமான வண்டி நெருங்கிக் கடந்தது. அவள் ஜெபம் பாதியில் நின்றது.

"ஏங்க."

"என்ன?"

"பால் டேங்கர் போகுது. பளபளன்னு இருக்கு. அதுல நம்ம காரு தெரியுது." மூச்சு வாங்கினாள். "சைக்கிள் சாஞ்சு கெடக்குங்க. ஒரு பக்கமா. பாதிக்கு மேல வெளிய நீட்டிகிட்டு இருக்கு."

அப்போதுதான் எனக்கு நான்காவது நட்டு ஞாபகம் வந்தது. புத்திக்கு அல்ல, விரலுக்கு. விரலால் சுழற்றி ஏற்றியது ஞாபகம் இருந்தது, ஸ்பேனரின் கடைசி இறுக்கம் ஞாபகம் இல்லை. கல் என்று நான் சொன்ன சத்தம் கல் இல்லை. போல்ட் கழன்று கூரையில் அடித்துப் பின்னால் போயிருக்கிறது, கிளாம்ப் அந்த மூலையில் வாய் பிளந்து குழாயை நழுவவிட்டிருக்கிறது. பின்னால் ஆள் வந்துகொண்டிருந்தான்.

அவள் கால் பிரேக்குக்குப் போவதைச் சீட்டின் அசைவில் உணர்ந்து, "பிரேக்கைத் தொடாத" என்று அலறினேன். "ஆக்சிலேட்டரை மட்டும் விடு. கொஞ்சம் கொஞ்சமா. நாலு பக்க லைட்டைப் போடு. இடது ஓரமா விடு." பட்டென்று நிறுத்தினால் சைக்கிள் பிய்த்துக்கொண்டு பறக்கும். தலைக்கு மேலே தகரம் முனகியது. என் கையைத் தூக்கிக் கூரையின் உள்துணியில் வைத்து அழுத்திக்கொண்டேன். உள்ளே இருந்து அழுத்தினால் வெளியே இருக்கிற சைக்கிள் நிற்குமா என்ன, ஆனாலும் அழுத்தினேன். விழுந்துதான் தீரும் என்றால் காட்டுப் பக்கமாக விழட்டும் என்று வேண்டினேன். என்னை வீட்டுக்கு வெளியே கொண்டுவந்த ஒரே பொருள் அது. அது பொடிப்பொடியாகப் போகட்டும், யார்மேலும் விழாமல் இருந்தால் போதும் என்று அப்படி வேண்டினேன்.

கார் ஊர்ந்து ஊர்ந்து நின்றது. சைக்கிள் விழவில்லை. ஃபோர்க்கும் பின்சக்கரப் பட்டையும் எப்படியோ அதைப் பிடித்து வைத்திருந்தன.

பைக் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. கால் வைக்கிற சத்தம். நான் கதவைத் திறந்து இறங்கினேன். ஓட்டி வந்தவர் கத்திக்கொண்டே வந்தார்.

"அறிவிருக்காங்க உங்களுக்கு? எத்தினி தூரமா கை காட்டிகினு வர்றது? நாங்க கை காட்டக் காட்ட நீங்க பறக்கறீங்க. பின்னாடி புள்ளைகுட்டியோட ஜனம் வருது, தெரியுதா? கண்ணு இல்லையா..."

அதோடு பேச்சு நின்றுவிட்டது. நான் காரைத் தடவிக்கொண்டு நடந்து வருவதைப் பார்த்திருப்பார். எனக்கு இந்த மௌனம் நன்றாகப் பழக்கம். யார் என்மேல் கோபப்பட்டாலும் பாதியில் இப்படித்தான் நிறுத்திக்கொள்வார்கள். மற்ற நாளில் எரிச்சல் வரும். அன்றைக்கு அவமானமாக இருந்தது.

"திட்டுங்க" என்றேன். "முழுசா திட்டுங்க. முறுக்காம விட்டது நான்தான். நிக்க வேணாம்னு சொன்னதும் நான்தான். உங்களைத் திருடனுங்கன்னு நெனச்சேன்."

அவர் திட்டவில்லை. அவர்கள் இருவரும் ஓசூரில் மதிய ஷிப்டுக்குப் போகிறவர்கள் என்று மெதுவான குரலில் சொன்னார். பின்னால் உட்கார்ந்திருந்தவர் அவருடைய தம்பி. எங்கள் வண்டியை யாரும் நெருங்கக் கூடாதென்று தம்பி திரும்பி உட்கார்ந்து, லாரியையும் பைக்கையும் துண்டை வீசித் தள்ளி நிறுத்திக்கொண்டே வந்திருக்கிறார். ஓடுகிற பைக்கில், பிடிமானம் இல்லாமல்.

"உங்க போல்ட்டு எங்க போச்சு தெரியுமா சார்?" என்று கேட்டார் ஓட்டி வந்தவர். அவர் ஹெல்மெட்டைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. என் வலது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலை எடுத்து அதன் முன்கண்ணாடியில் வைத்தார். வழவழப்பாக இருந்த இடத்தில் திடீரென்று ஒரு குழி, குழியிலிருந்து நாலா பக்கமும் விரிசல். விரிசலின் ஓரம் என் விரலைக் கீறியது.

"இங்கதான் என் கண்ணு சார்" என்றார்.

அதில் குத்தல் எதுவும் இல்லை. எந்த இடம் என்று எனக்குத் தெரியாதே என்பதற்காகச் சொன்னார். நான் அப்படியே கார் டயர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு அழுதேன். ரோட்டோரத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு முன்னால் வாய்விட்டு அழுதேன்.

அழுகை கொஞ்சம் அடங்கியதும், சைக்கிளை இறக்கி இங்கேயே போட்டுவிட்டுப் போகலாம் என்றேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். இனி அது கார்மேல் ஏறவே கூடாது.

என் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இத போட்டுட்டுப் போனா நீங்க மறுபடி நாற்காலில போய் உக்காந்துக்குவீங்க" என்றாள். "அந்த ஒரு வருஷம் நானும் அந்த வீட்லதான் இருந்தேன். எனக்கு இந்த ரோட்டை விட அந்த வீட்டை நெனச்சாதான் பயம். இது வீட்டுக்கு வரும்."

நான் எழுந்தேன். அண்ணனும் தம்பியும் ஓரமாக நின்ற ஒரு லாரியில் கேட்டுத் தார்ப்பாய்க் கயிறு வாங்கி வந்தார்கள். மூன்று பேருமாகச் சைக்கிளை நிமிர்த்திக் கட்டினார்கள். மிச்சமிருந்த மூன்று நட்டையும் நான் ஸ்பேனர் போட்டு மறுபடி பார்த்தேன். மூன்றும் இறுக்கமாக இருந்தன. கையை எடுக்க மனம் வராமல் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவள் மார்க்கரை எடுக்கவில்லை. அவளும் தன் கையால் ஒவ்வொன்றையும் பிடித்து அசைத்துப் பார்த்தாள்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, நீங்கள் முன்னால் போய்விடுங்கள் என்று அவர்களைக் கெஞ்சினேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஹைவேல உங்களுக்குப் பின்னாடி யாராச்சும் வந்துதான் ஆகணும் சார். தெரியாதவங்க வர்றதுக்கு, தெரிஞ்ச நாங்களே வர்றோம்."

விரிசல் விழுந்த கண்ணாடியோடு அந்த ஹெல்மெட்டை அவர் மறுபடி மாட்டிக்கொண்டார். கொக்கி விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

சர்வீஸ் ரோடு இருந்த இடங்களில் அதில் போனோம், இல்லாத இடங்களில் ஹைவேயின் இடது ஓரத்தில் ஊர்ந்தோம். கயிறு தாங்கியது. ஆனாலும் என் கழுத்து பின்னால் திரும்பியே இருந்தது. அந்த அண்ணன் மனைவி மக்கள் உள்ளவரா, அந்தத் தம்பிக்கு என்ன வயது, எதையும் நான் கேட்டிருக்கவில்லை. முகம் தெரியாத இரண்டு பேர் என் சுமைக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.

"வர்றாங்களா?"

"வர்றாங்க."

"எவ்ளோ தள்ளி?"

"கொஞ்சம் தள்ளிதான் வர்றாங்க."

"இன்னும் தள்ளி வரச் சொல்லு."

ஓடுகிற காரிலிருந்து எப்படிச் சொல்வது என்று அவள் கேட்கவில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். காற்றும் லாரிப் புகையும் உள்ளே வந்தன. கையை வெளியே நீட்டி, தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க என்று காட்டினாள். அவள் வளையல் கதவில் பட்டுப் பட்டுச் சத்தம் போட்டது.

"புரிஞ்சுதா அவங்களுக்கு?"

"புரிஞ்சுடுச்சுங்க" என்றாள். "தள்ளிப் போறாங்க."